மூடிய பெட்டிக்குள் ஒரு காது

நாகமணியை நம்பவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கோலசிலாங்கூர் பஸ் நிலையத்தில் ‘கிள்ளான்’ என்று பலகை மாட்டி நிற்கும் பஸ்ஸில் ஏறுமுன், “இது கிள்ளானுக்குத்தானே போகுது?” என்று ஓட்டுநரைக் கேட்பாள். அவர் தலையாட்டினால் போதாது, டிக்கெட் கிழிப்பவரையும் கேட்பாள். உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை. பெண் பார்க்க வந்த இரண்டு வரன்களையும் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டே ஓட்டிவிட்டாள் என்று அவள் அம்மா எங்கள் எல்லாரிடமும் புலம்பியிருக்கிறார்.

நான் அந்த வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில், எண்ணெயில் எவ்வளவு புளிப்பு ஏறியிருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். என் சோதனை அறைக்கும் நாகமணியின் எடை அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனதற்குக் காரணமே, இரண்டு பேருக்கும் யார்மேலும் பெரிதாக நம்பிக்கை கிடையாது என்பதுதான்.

அவள் எடைக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. வேலை லோரிகளை நிறுப்பது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பழக்குலை ஏற்றி வரும் லோரி, எடை மேடையில் ஏறி நிற்கும். முள் ஆடி அடங்கியதும் எடையைக் குறித்துக்கொண்டு சீட்டுக் கொடுப்பாள். லோரி மேட்டுப்பக்கம் போய்க் குலையைக் கொட்டும். பார்க்கச் சாதாரண வேலை. ஆனால் எந்தக் குத்தகைக்காரருக்கு எவ்வளவு எடை வந்தது என்று தெரிந்துகொள்ள மற்ற குத்தகைக்காரர்களுக்குக் கை அரிக்கும். அவர்களுடைய லோரிக்காரர்கள், தண்ணீர் கேட்பதுபோலவும் தீப்பெட்டி கேட்பதுபோலவும் உள்ளே தலையை நீட்டுவார்கள். நாகமணியிடம் அது நடக்காது. தலை உள்ளே வருவதற்குள் தராசின் முகத்தில் ஒரு கைலித்துணியைப் போட்டு மூடிவிடுவாள்.

இது அவள் குடும்பத்து வழக்கம். அவள் அப்பா ரெங்கசாமி ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தவர். ஒருத்தியின் பாலை நிறுக்கும்போது அடுத்தவள் பக்கத்தில் வந்தால் தராசின்மேல் துண்டைப் போட்டுவிடுவார். எடை தெரிந்தால், ‘அவளுக்கு மட்டும் எப்படிக் கூடுது?’ என்று சண்டை வரும். அது ஒரு தொல்லை. கண் பட்டு மறுநாள் பால் குறைந்துவிட்டால் அந்தப் பழியும் மண்டோர் தலையில்தான் விழும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்களே.

1989இல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு வியர்க்கும் என்று எடை அறைக்கு ஏர்கோன் வைத்தார்கள். பத்து வருஷமாக அதே அறையில் வியர்த்துக்கொண்டிருந்த நாகமணிக்காக ஒரு காற்றாடிகூட வந்ததில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இருந்தது. எனக்கு அதைவிட அதிகமாக இருந்தது.

புரோகிராம் எழுதியவன் உமாபதி. ராசா என்ற ஊரில் பிறந்த தோட்டத்துப் பிள்ளை. கோலாலம்பூரில் படித்துவிட்டு ரவாங்கில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். திரையில் பச்சைக் கோடு போட்டு மூன்று பெட்டிகளைக் காட்டினான். முதலாவது எடைப் பெட்டி. அதில் லோரி நம்பரும் எடையும் தெரியும். இரண்டாவது கணக்குப் பெட்டி. அன்றைக்கு எத்தனை லோரி வந்தது என்று கூட்டிக்கொண்டே போகும். மூன்றாவது மணிப் பெட்டி. குலை கொட்டும் மேட்டில் மாட்டியிருக்கும் மணியை அடிக்கும். மணி கேட்டால் அங்கே உள்ளவர்கள் அடுத்த லோரிக்குத் தயாராக வேண்டும்.

“அக்கா, இதுல அழகே என்னன்னா, ஒரு பெட்டிக்கு இன்னொரு பெட்டியைத் தெரியாது,” என்றான் உமாபதி.

“தெரியாம எப்படி வேலை நடக்கும்?”

“எடை நின்னதும் எடைப் பெட்டி, ‘இந்த நம்பர் லோரி வந்திருச்சு’ன்னு ஒரு மெசேஜ் போடும். அவ்வளவுதான் அதோட வேலை. யாரு கேக்குறா, கேட்டு என்ன செய்யுறா, எதுவும் அதுக்குத் தெரியாது. நடுவுல ஒரு ஆளு இருக்கான்னு வெச்சுக்குங்க. எந்த மெசேஜ் யாருக்கு வேணும்னு அவன்கிட்ட முன்னாடியே பேர் கொடுத்திருப்பாங்க. மெசேஜ் வந்ததும் பேர் கொடுத்த எல்லாருக்கும் அவன் சொல்லிருவான். கணக்குப் பெட்டி ஒண்ணு கூட்டிக்கும், மணிப் பெட்டி மணி அடிக்கும். நாளைக்குப் புதுசா ஒரு பெட்டி வேணும்னாலும் அதோட பேரை மட்டும் கொடுத்தாப் போதும். பழசு எதையும் தொட வேணாம்.”

நாகமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “யாரு கேக்குறாங்கன்னு தெரியாமலே பேசுறதா? எங்க லயத்து வீடுங்கள்ல அப்படிப் பேசித்தான் பாதிக் குடும்பம் பிரிஞ்சுச்சு.”

உமாபதி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. “சரி, ஆளு உள்ள வந்தா இந்தப் பெட்டியை எப்படி மூடுறது?” என்று கேட்டாள். விசைப்பலகையின் மேல் மூலையில் உள்ள ஒரு விசையை அழுத்தினால் எடைப் பெட்டி மட்டும் மறைந்துவிடும், பக்கத்து விசையை அழுத்தினால் மறுபடி வரும் என்று காட்டினான். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கைலித்துணியை மடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் வாரமே கோளாறு தொடங்கியது. மேட்டில் மணி அடிக்கும், லோரி வராது. குலை பொறுக்கும் வேலம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “மணி அடிச்சாச்சு, மாப்பிள்ளை எங்கடா?” என்று கத்துவாள். சாயங்காலம் பார்த்தால் கணக்குப் பெட்டி சொல்லும் லோரிகள், வாசல் காவலாளி பார்த்த லோரிகளைவிட அதிகமாக இருக்கும். காலையில் குலையைக் கொட்டிவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பிப்போன லோரி, மத்தியானம் மறுபடி வந்ததாகக் கணக்கில் நிற்கும். அப்போது அது ஆலைப் பக்கமே வந்திருக்காது.

மேனேஜர் தனபாலன் அந்த ஆலைக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டவுன்காரர். தோட்டத்து ஆட்களைப் பார்த்தாலே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். வராத லோரிக்கு எடை போட்டால் யாருக்கு லாபம் என்று யோசித்தார். குத்தகைக்காரனுக்கு லாபம். அவனுக்கு யார் உதவியிருக்க முடியும்? எடை அறையில் இருப்பவள் ஒருத்திதான். அவருக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

முதலில் உமாபதிக்குப் போன் போட்டார். அவன் ரவாங்கில் அதே புரோகிராமை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, “இங்க ஒரு பிரச்சினையும் வரல சார்,” என்றான். பிறகு மேனேஜரே எடை அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் நகரவில்லை. அந்த இரண்டு நாளும் ஒரு மணிகூட வீணாக அடிக்கவில்லை. வாசலில் பார்த்த லோரியும் கணக்கில் வந்த லோரியும் ஒன்றாக இருந்தன. மூன்றாம் நாள் அவர் எழுந்து போனார். மத்தியானமே பழைய லோரிகள் திரும்பி வர ஆரம்பித்துவிட்டன.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மேனேஜர் எடை அறை வாசலுக்கு வந்தார். வெளியே லோரிகள் வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் இருந்தார்கள்.

“நான் கூட உக்காந்தா வராத பேய் லோரி, நான் எழுந்து போனா மட்டும் எப்படி வருது? திருட்டு வேலை செய்யுறதுக்கா உன்னை இங்க வெச்சிருக்கு?” என்று கத்தினார். பிறகு அதையே மலாயிலும் சொன்னார், யாருக்கும் புரியாமல் போய்விடக்கூடாது என்பதுபோல. இந்த மாதக் கடைசிக்குள் அவளாகவே வேலையை விட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் போலீசில் புகார் என்றார்.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. போய் எட்டிப் பார்த்தேன், நாகமணியின் முகம் கறுத்திருந்தது.

சொல்லவேண்டுமா, ஊருக்கு வாய் முளைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாசிர் பெனம்பாங் நண்டுக் கடையில் ஒரு குத்தகைக்காரனோடு உட்கார்ந்து அவள் நண்டு சாப்பிட்டதை ஒருவன் பார்த்தானாம். எத்தனை தட்டு என்றுகூடச் சொன்னான். நான் அவளிடமே கேட்டேன்.

“நண்டு வாசனை பட்டாலே எனக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிரும். இதைச் சொன்னவன் யாருன்னு சொல்லுங்க, அவன் வாயில நண்டை உசுரோட விடுறேன்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு அந்த ராசாக்காரன் மேலதான் சந்தேகம். இங்க வர்றதைத் தூரத்துலேர்ந்து அவன் ஏதோ பண்ணுறான்,” என்றாள்.

எனக்கும் அவன்மேல்தான் சந்தேகம். ரவாங்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்ல யாரால்தான் முடியாது?

மாதக் கடைசி நெருங்கும்போது உமாபதி நேரில் வந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு நானும் எடை அறை வாசலுக்குப் போய் நின்றேன். அவன் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்ததும், நாகமணி அவனை முறைத்துக்கொண்டே மேல் மூலை விசையை அழுத்தினாள். எடைப் பெட்டி திரையிலிருந்து மறைந்தது.

“ஏன்க்கா மூடுறீங்க? நான்தானே எழுதினேன்?”

“யாரா இருந்தா என்ன? வெளியாளு உள்ள வந்தா எடையை மூடணும்.”

“மேனேஜர் வந்தாலுமா?”

“அவர்கிட்ட மூடினா அதுக்கும் திருட்டுப் பட்டம் கட்டுவாரு. அவர் உக்காந்திருந்தா லோரிக்காரனும் எட்டிப் பாக்க மாட்டான், நானும் மூட வேண்டியதில்ல.”

அதற்குள் அடுத்த லோரி மேடையில் ஏறிவிட்டது. அவள் வேறு வழியில்லாமல் பக்கத்து விசையை அழுத்திப் பெட்டியைத் திறந்து, லோரி நம்பரை அடித்தாள். எடை நின்றது. மேட்டில் மணி அடித்தது. உடனே இன்னொரு தடவை அடித்தது. கணக்குப் பெட்டியில் ஒன்று கூடவேண்டிய இடத்தில் இரண்டு கூடியது.

“எங்கடா ரெண்டாவது மாப்பிள்ளை?” என்று வேலம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது.

உமாபதி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அக்கா, இன்னொரு வாட்டி மூடித் திறங்க,” என்றான். மூடித் திறந்தாள். அடுத்த லோரிக்கு மணி மூன்று தடவை அடித்தது. அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“தப்பு என்னோடதுதான் அக்கா.”

கம்ப்யூட்டர்காரன் ஒருவன் தன் வாயால் இப்படிச் சொல்லி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. நாகமணி மட்டும் லேசில் விடவில்லை. “நெசமாத்தான் சொல்றியா? இல்ல, பாவம்னு எனக்காகச் சொல்றியா?”

“நெசமாத்தான் அக்கா. எடைக் கருவி எடை நின்னதும், ‘எடை நின்னுருச்சு’ன்னு முதல்ல ஒரு மெசேஜ் போடும். அது வேணும்னு எடைப் பெட்டி அந்த நடு ஆளுகிட்ட பேர் கொடுத்திருக்கு. நீங்க பெட்டியை மூடினதும் அது போயிருச்சுன்னு நெனைக்கிறீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். கண்ணுக்குத்தான் போச்சு. கொடுத்த பேர் அந்த ஆளுகிட்ட அப்படியே இருக்கு. அதை எடுக்க நான் மறந்துட்டேன். நீங்க திறக்கும்போது வர்றது பழைய பெட்டி இல்ல, புதுசா ஒண்ணு. அதுவும் பேர் கொடுக்குது. அடுத்த லோரிக்கு எடை நின்னதும் ரெண்டு பெட்டிக்கும் சேதி போகுது. மூடிக் கெடக்குற பழசு, தன்கிட்ட இருக்குற பழைய லோரிக்குத்தான் எடை நின்னுச்சுன்னு நெனச்சு, அந்த நம்பரைப் போட்டு, ‘லோரி வந்திருச்சு’ன்னு கத்துது. கணக்குப் பெட்டிக்கு எது உசுரோட இருக்கு, எது மூடிக் கெடக்குன்னு தெரியாது. மெசேஜ் வந்தா கூட்டிக்கும்.”

நாகமணி அதைத் தோட்டத்துப் பாஷையில் சொல்லிப் பார்த்தாள். “தோட்டத்தை விட்டுப் போனவன் பேரை அடிக்காம வெச்சிருந்தா, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எவனாவது அவனுக்குப் பதிலா ‘இருக்கேன்’னு கொரல் கொடுப்பான். அவனுக்கும் பேர் விழும். அது மாதிரியா?”

“அதேதான்.”

“அப்ப நீ எப்படி இதை ரவாங்குல பாக்கல?”

“அங்க யாரு எட்டிப் பாக்குறா? காலையில பெட்டியைத் திறந்தா சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும். அணைச்சா எல்லாப் பேரும் அழிஞ்சிரும். இதை ஒரு நாளைக்கு இத்தனை வாட்டி மூடுற ஆளு இருப்பாங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கல அக்கா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. திருடக்கூடாது, கள்ளத்தனமாக யாரும் பார்த்துவிடக்கூடாது என்று அவள் எடுத்த ஜாக்கிரதைதான் அவளைத் திருடி ஆக்கியிருக்கிறது. மேனேஜர் சந்தேகப்பட்டு உட்கார்ந்ததுதான் அந்தச் சந்தேகத்துக்கே சாட்சி ஆகியிருக்கிறது. அவர் அங்கே உட்காராமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

உமாபதி உட்கார்ந்த இடத்திலேயே திருத்தினான். பெட்டியை மூடுமுன் முதலில் அதன் பேரை எடுக்கவேண்டும், பிறகுதான் மூடவேண்டும். இத்தனை கூத்துக்கும் திருத்தம் அவ்வளவுதான். நாகமணி அவனை விடாமல் மூடவும் திறக்கவும் வைத்து, ஒவ்வொரு லோரிக்கும் மணியைக் காதால் கேட்டு, கணக்குப் பெட்டியைக் கண்ணால் பார்த்தாள். அதிலும் திருப்தி இல்லாமல் என்னை மேட்டுக்கு அனுப்பி வேலம்மாவிடமும் கேட்டுவரச் சொன்னாள். மணி ஒரு தடவைதான் அடிக்கிறது என்று வேலம்மா சத்தியம் செய்த பிறகே அவன் ஒரு தேத்தண்ணி குடிக்க முடிந்தது.

மேனேஜரிடம் அவனே போய்ச் சொன்னான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தெரிஞ்ச ஆளு இதை வேணும்னே செய்யலாம் இல்ல?” என்று கேட்டாராம். திருத்தியாகிவிட்டது, இனிமேல் யாராலும் முடியாது என்று உமாபதி சொன்னதும்தான் ஓய்ந்தார். போகும்போது என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, “இவரை எந்தப் பெட்டியில வெச்சு மூடுறதுன்னு தெரியல அண்ணே,” என்றான்.

மறுநாள் காலை மேனேஜர் எடை அறைக்கு வந்தார். உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஏர்கோன் அறைக்குள் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் பலகைச் சுவர் அவருக்காக ஒன்றும் தடித்துவிடவில்லை.

“கம்ப்யூட்டர் கோளாறுதானாம். உன்மேல ஒண்ணும் இல்ல. நீ போக வேணாம். நடந்ததைப் பெருசு பண்ணாம வேலையைப் பாரு.”

“திருடின்னு சொன்னது ஊருக்கே கேட்டுச்சு சார். இல்லன்னு சொல்றது மட்டும் என் ஒருத்தி காதுக்கா?”

“வேற என்ன செய்யச் சொல்ற? லெட்டர் வேணுமா? தர்றேன்.”

“லெட்டரை நான் வீட்டுல வெச்சு நானே படிக்கணும். லோரிக்காரங்க படிக்க மாட்டாங்க.”

“முதல்ல லோரியை நிறு. வெளிய நிக்குது.”

“நீங்க சொல்லுங்க சார். நான் நிறுக்கிறேன்.”

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாளாம். அதற்குமேல் அவள் செய்தது ஒன்றும் இல்லை. முதல் லோரி மேடையில் நின்றது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று என்று வரிசை வாசலைத் தாண்டிப் பெரிய சாலைவரைக்கும் போனது. வெயில் ஏறியது. நேரம் ஆக ஆகக் குலையில் புளிப்பு ஏறும், புளிப்பு ஏறினால் எண்ணெய் கெடும். அது என்னைவிட மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். நான் சோதனை வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். ஹார்ன் அடித்துச் சலித்த ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இறங்கி, என்ன விஷயம் என்று எடை அறை வாசலில் கூடிவிட்டார்கள். அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தாலும் இத்தனை பேர் வந்திருக்கமாட்டார்கள்.

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நாகமணியும் எழுந்து அவர் பின்னால் வந்து நின்றாள்.

“நாகமணி மேல தப்பு இல்ல. கம்ப்யூட்டர்லதான் கோளாறு,” என்றார். தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல இருந்தது.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார். அன்னைக்கு மலாயிலயும் சொன்னீங்க.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கழுத்து நரம்பு தெரிய, அதையே மலாயில் உரக்கச் சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. மேனேஜர் உள்ளே போகத் திரும்பினார். நாகமணி வாசலை விட்டு நகரவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்ற ஒரு கிழட்டு லோரிக்காரரை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அண்ணே, உங்களுக்கு என்ன கேட்டுச்சு? நீங்க சொல்லுங்க.”

அந்த மனுஷன் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு, சாலையில் நிற்கும் லோரிவரைக்கும் கேட்கும்படி கத்தினார். “கிராணியம்மா திருடலையாம்!”

நாகமணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னாலும் மறைக்காமல் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், முதல் லோரியின் நம்பரைக் கேட்டாள்.